இன்னும் ஒரு பல் இறுக்கு

அக்டோபர் 9, புதன்

நூல் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாகப் பிரிக்கவே இல்லை. இன்று எடுத்ததற்குக் காரணம், ஒரு ஆளைத் திட்ட வேண்டும். கேட்பதற்கு வீட்டில் ஆளில்லை. வீட்டுக்காரர் செல்வராசு டெம்போவில் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போயிருக்கிறார். மகள் வர்ஷினிக்குப் பரீட்சை. ஆகவே இந்தப் பக்கத்திடம் திட்டிக்கொள்கிறேன்.

பனியன் கம்பெனியை முன்னேற்ற பெங்களூரிலிருந்து ஒரு ஆலோசகர் வந்திருக்கிறார். சூப்பர்வைசர்கள் எல்லோரையும் ஏசி அறையில் உட்கார வைத்துத் திரையில் படம் காட்டினார். உற்பத்தியை 'ராட்செட் அப்' செய்ய வேண்டுமாம். பக்கத்துக்குப் பக்கம் அதே வார்த்தை. பிறகு எங்களைப் பார்த்து, லேடீஸுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன் என்று தையல் மிஷினின் கைச்சக்கரத்தைக் காட்டி, இதற்குள் இருப்பதுதான் ராட்செட் என்றார்.

அதற்குள் ராட்செட் இல்லை. கையை உயர்த்திச் சொல்லிவிட்டேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்த இரண்டே பெண்களில் நான் ஒருத்தி. ராட்செட்டை அளவு பிசகாமல் வரைந்து கையெழுத்து வாங்கியவள். ஒரு பல்சக்கரம், பல் ஒவ்வொன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதன்மேல் ஒரு நாக்கு. சக்கரம் முன்னால் போனால் நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாவி வழிவிடும். பின்னால் வரப் பார்த்தால் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். சைக்கிளின் பின்சக்கரத்தில் இருக்கிறது. டெம்போவில் பெட்டி கட்டும் பெல்ட்டில் இருக்கிறது. தையல் மிஷின் கைச்சக்கரத்தில் இல்லை.

அவர் சிரித்துக்கொண்டே "வெரி குட், வெரி குட்" என்றார், குழந்தை திருக்குறள் சொன்ன மாதிரி. மேனேஜர் தண்டபாணி சார் என்னை முறைத்தார்.

ராத்திரி வர்ஷினியின் போனில் அகராதியைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் கருவிக்கு மட்டுமல்ல, விலை, வரி, கெடுபிடி எதுவானாலும் படிப்படியாக ஏறி, ஏறினது இறங்காமல் நின்றால் இந்த வார்த்தையைச் சொல்வார்களாம். சரி, சொல்லட்டும். கைச்சக்கரத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டுமா?

அக்டோபர் 10, வியாழன்

இன்று என் தையல் லைன் யாரென்று காட்டிவிட்டோம்.

நாளை ஆயுத பூஜை. காலையில் தண்டபாணி சார் வந்து, இன்றைய பீஸ் கணக்கு எப்போது முடிகிறதோ அப்போதே மிஷினைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். பெண்கள் பறந்தார்கள். பனியனுக்குக் கை வைத்துத் தைக்கிற ஷகிலா தலையை நிமிர்த்தவே இல்லை. கழுத்துப் பட்டி வைக்கிற அங்காத்தாள் அக்காகூட, ஐம்பது வயதைத் தாண்டியவர், மணிக்கட்டு வலியை மறந்து ஓட்டினார். ஊருக்குப் போகிறவர்களுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு வீடு கழுவ வேண்டும்.

லைனின் தலைமாட்டில் வெள்ளைப் பலகை. மணிக்கொருமுறை எத்தனை பீஸ் முடிந்தது என்று எழுதுவது என் வேலை. டார்கெட் மணிக்கு எண்பத்தைந்து. வழக்கமாக எத்தனை தைத்தாலும் பலகையில் எண்பத்தைந்துதான் ஏறும். மிச்சம் ஒரு கட்டாக மேசைக்கடியில் கிடக்கும். யாருக்காவது தலைவலி வந்தாலோ, மிஷின் மக்கர் செய்தாலோ, அக்காவுக்குக் கை ஓடாத நாளிலோ அந்தக் கட்டு வெளியே வரும். எல்லா லைனிலும் இது உண்டு. சூப்பர்வைசர் பார்க்காத மாதிரி இருந்துகொள்ள வேண்டும், அதுதான் மரியாதை. பார்க்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி.

இன்று ஆலோசகர் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உண்மையான எண்ணை எழுதினேன். நூற்றுப்பன்னிரண்டு. கொட்டை எழுத்தில். போனில் படம் பிடித்துக்கொண்டு "பென்டாஸ்டிக்" என்றார். நேற்றைய கைச்சக்கரத்துக்கு இது பதில்.

அங்காத்தாள் அக்கா பலகையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். சந்தோஷத்தில் வார்த்தை வரவில்லை என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி

மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. வாசலில் பூசணிக்காய் உடைத்ததில் ஒரு சில்லு தண்டபாணி சாரின் கார் சக்கரத்துக்கடியில் போய்விட்டது. அவர் குனிந்து எடுப்பதை எல்லோரும் நின்று பார்த்தோம். பொரிகடலை வீட்டுக்கு வந்தது. வர்ஷினி கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டாள்.

அக்டோபர் 14, திங்கள்

பலகையில் டார்கெட் என்று எழுதியிருக்கும் இடத்தில் புது ஸ்டிக்கர். நூற்றுப்பத்து.

தண்டபாணி சாரின் அறைக்கு நேரே போனேன். ஏதோ தவறு நடந்திருக்கிறது என்றேன். தவறு ஒன்றும் இல்லையாம். ஆலோசகர் படமெடுத்ததை முதலாளிக்கே அனுப்பியிருக்கிறார். எங்கள் லைனால் முடியும் என்று தெரிந்துவிட்டதாம். ஒரு நாள் முடிந்தது தினமும் முடியாதா என்று கேட்டார்.

"தெனமும் ஆயுத பூசை இல்லீங்களே சார்" என்றேன்.

"ஏறுன டார்கெட்டு எறங்காதுங்க ரேணுகா. அதைய எறக்கறதுக்கா அவருக்குக் காசு குடுத்துக் கூட்டியாந்திருக்குது?" என்றார்.

திரும்பி வந்தபோது எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. ஷகிலாதான் கடைசியில், இது இந்த வாரத்துக்கு மட்டுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அந்த ஆலோசகரால் வந்த வினை, போகிற போக்கில் படமெடுத்து வைத்த ஆளை என்ன சொல்வது என்று திட்டினேன். அங்காத்தாள் அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பலகையில எழுதுனது ஆரு கண்ணு?"

எழுதுவது என் வேலை. வேறு யார் எழுதுவார்கள்?

அக்டோபர் 18, வெள்ளி

லைனின் மூலையில் இருக்கிற தண்ணீர்க் கேன் மாலையிலும் நிறைந்தே இருக்கிறது. முன்பு மதியத்துக்கே மாற்ற வேண்டும். மழை ஈரம், தாகம் எடுக்காது என்று நினைத்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

மழையால் இல்லை. பாத்ரூம் போனால் ஒரு கட்டு பின்தங்கிவிடும். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. ஷகிலாவுக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று அவள் அக்கா வந்து சொன்னாள். ஆளுக்கொரு டம்ளர் தண்ணீரை நானே கொண்டுபோய் ஒவ்வொரு மிஷினிலும் நீட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். குடிக்கவில்லை.

இத்தனைக்கும் நூறைத் தாண்டவில்லை. டார்கெட் எட்டாததால் எல்லா மணிக்கும் பலகையில் சிவப்பு மை.

அக்டோபர் 22, செவ்வாய்

மதியம் தனியாகச் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் என்றால் அப்படித்தான். பச்சைப்பயறு குழம்பு.

அக்டோபர் 24, வியாழன்

அங்காத்தாள் அக்காவைத் தண்டபாணி சார் அறைக்குக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன். லைனை இழுத்துப் பிடிப்பது கழுத்துப் பட்டிதான் என்று ஆலோசகர் கண்டுபிடித்திருக்கிறாராம். நவம்பர் கடைசிக்குள் கை வேகம் வராவிட்டால் அந்த மிஷினில் சின்ன வயசு ஆள் போடுவார்கள்.

அக்காவுக்கு வேறு கம்பெனியில் இடம் கிடைக்காது. இந்த வயதில் யாரும் எடுக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதைச் சொன்னவருக்கும் தெரியும். இந்த ஊரில் பனியன் தைக்கிற தொழில் வளர்ந்ததே அங்காத்தாள்கள் தைத்துத்தான்.

"என்ற கை இத்தன வேகந்தானுங்க. இனி ஆண்டவன் வந்து ஓட்டுனாத்தே உண்டு" என்றார் அக்கா. அழவில்லை. கெஞ்சவும் இல்லை. புடவையில் ஒட்டியிருந்த பிசிரை ஒவ்வொன்றாக எடுத்து சாரின் மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தார்.

இதை நான் சும்மா விடுவதாக இல்லை. எப்படி என்று தெரியவில்லை, ஆனால் விடுவதாக இல்லை.

அக்டோபர் 26, சனி

சூப்பர்வைசர்கள் மீட்டிங். தீபாவளி முடிந்து டிசம்பரிலிருந்து எல்லா லைனுக்கும் நூற்றுப்பத்து. மற்ற லைன் சூப்பர்வைசர்கள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அடித்துவிடுவார்களோ என்னவோ.

எழுந்து நின்றேன். முடியாத எண்ணை எழுதிவைத்தால் அது டார்கெட் இல்லை, தண்டனை என்றேன். எண்பத்தைந்துக்கு இறக்குங்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். ஆலோசகர் பொறுமையாக, பின்னால் வராததுதான் ராட்செட்டின் சிறப்பே, உங்களுக்குத் தெரியாததா மேடம் என்றார். பின்னால் வர வழியில்லாத ராட்செட்டை எந்த முட்டாளும் செய்ய மாட்டான் சார், ஏற்றின லோடை எப்படி இறக்குவது என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்தபின் தண்டபாணி சார், வேலை வேண்டுமா வேண்டாமா என்று மெதுவாகக் கேட்டார். வேலையும் வேண்டும், எண்பத்தைந்தும் வேண்டும் என்றேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிரசம் உதிர்ந்துவிட்டது. செல்வராசு உதிரியாகவே தட்டில் போட்டுத் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். என் மனசு சரியில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

நவம்பர் 8, வெள்ளி

லீவு முடிந்து திரும்பியாயிற்று. அடுத்த வியாழக்கிழமை வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிறவர்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பு. பாத்ரூமில் புது சோப்பு. அவர்கள் சட்டம் கடுமையானது: ஒரு துணி தரையில் படக்கூடாது, நடைபாதையில் ஒரு பெட்டி நிற்கக்கூடாது. பார்த்தால் ஆர்டரே போய்விடும்.

அங்காத்தாள் அக்கா மணிக்கட்டில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு வருகிறார்.

நவம்பர் 10, ஞாயிறு

செல்வராசு டெம்போவிலிருந்து பெட்டிகளை இறக்க உதவிக்குக் கூப்பிட்டார். பழைய பெல்ட், துருவேறிய ராட்செட். நாக்கைத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. சுத்தியலால் தட்டினேன். காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். லோடு முழுக்க நாக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அது எப்படி வரும்?

"இழுத்தா வராது ரேணு. இன்னும் ஒரு பல்லு இறுக்கு" என்றார்.

ஏற்கெனவே இறுகிக் கிடப்பதை இன்னும் இறுக்கச் சொல்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. பிடியை அவரே வாங்கி ஒரு அழுத்து அழுத்தினார். பெல்ட் விண்ணென்று இழுத்தது. அந்த ஒரு நொடியில் நாக்கு பல்லைவிட்டு லேசாக எழுந்தது. விரலால் தூக்கிவிட்டார். அவ்வளவுதான், மொத்தப் பெல்ட்டும் தொளதொளவென்று கையில் வந்துவிட்டது.

டிப்ளமோ வகுப்பில் இதைப் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். பெட்டிகளை இறக்கி முடிக்கும்வரை நான் வாயே திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார். உடம்புக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 11, திங்கள்

மதியம் யாரும் கூப்பிடாமல் போய் அவர்கள் வட்டத்தில் உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸைத் திறந்தேன். அக்கா மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

பலகையில் எழுதினது நான்தான், என்னால்தான் வந்தது என்று முதலில் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த மட்டில் நல்லது. பிறகு பெல்ட் கதையைச் சொன்னேன். கதையாகத்தான் சொன்னேன். எங்கள் லைனுக்கு இஸ்திரி போடுகிற குருசாமி அண்ணனுக்கு இரண்டே மேசைதான், நூறு பீஸுக்கே திணறுகிறார், மூன்றாவது மேசை போட நீராவிக் குழாய் எட்டாது என்பதையும், வியாழனன்று வருகிறவர்கள் கண்ணில் ஒரு பெட்டி படக்கூடாது என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். டார்கெட்டைத் தாண்டித் தைத்ததற்காக உலகத்தில் யாரையும் யாரும் திட்ட முடியாது என்றும் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, "ரெண்டு நா தாங்குவமா புள்ளைங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். எதைப் பற்றிக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மணிக்கு நூற்றுப்பதினெட்டு.

ஷகிலாவின் மிஷின் இடம் மாறி அக்காவின் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையை முடித்துவிட்டு, கழுத்துப் பட்டியில் பாதியை அவளே எடுத்துக்கொள்கிறாள். ஏன் மாற்றினாய் என்று தண்டபாணி சார் கேட்டார். பழைய இடத்தில் பிளக் சரியில்லை என்றேன். பிளக் நன்றாகத்தான் இருக்கிறது.

பலகையைப் பார்த்து அவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா ரேணுகா, முடியாது முடியாதுன்னீங்க" என்றார். தப்புத்தான் சார் என்றேன். குருசாமி அண்ணன் இஸ்திரி மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முன்னால் முழங்கால் உயரத்துக்குப் பனியன்.

நவம்பர் 13, புதன்

நூற்றிருபத்திரண்டு. யாரும் எழவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வேகத்தில் சிரிப்பு இருந்தது. இன்று பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நிறுத்திவிடலாம் என்று காதருகே போய்ச் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தாமல், "அக்கட்டப் போ கண்ணு, நூலு மறையுது" என்றார்.

குருசாமி அண்ணனின் மேசை தெரியவில்லை. கூடைகள் நிரம்பின. கூடையில்லாமல் பெட்டிகளில் போட்டோம். பெட்டிகள் நடைபாதைக்கு வந்தன. நாளைக்குள் எடுத்துவிடலாம் என்று தண்டபாணி சார் இரண்டு பேரை ராத்திரிக்கு நிறுத்தியிருக்கிறார். இரண்டு பேரால் ஆகாது.

நவம்பர் 14, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் வந்ததும் பெண்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். நேற்றைய மலையே குறையவில்லை, அதன்மேல் இன்றையது. பெட்டி தீர்ந்து, தரையில் பாலித்தீன் விரித்துக் கொட்ட வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம், கட்டிங் மாஸ்டர் வெட்டிக் கொடுத்த துணியெல்லாம் தீர்ந்துபோனது. வெட்ட வெட்டத் தைத்துத் தள்ளினால் அவர்தான் எங்கே போவார்? துணி தீர்ந்ததும் என் லைன் மொத்தமும் மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். கேன் காலியானது.

அப்போதுதான் வாசலில் கார் வந்துவிட்டது என்று செக்யூரிட்டி போன் செய்தார்.

தண்டபாணி சார் ஓடி வந்தார். தரையில் துணி, நடைபாதையில் பெட்டி, நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கிற டெய்லர்கள். முகம் வெளிறிவிட்டது.

"ஆரு இத்தன வேகமாத் தைக்கச் சொன்னது?"

"பலகைங்க சார்" என்றேன்.

"நூத்திப்பத்துத்தான போட்டிருக்குது?"

"கொறையாமத் தைக்கோணும்னு சொன்னீங்க. கொறையலீங்களே."

எடுத்து ஒதுக்கச் சொன்னார். எல்லோரும் எழுந்து அடுத்த லைனின் காலிக் கூடைகளைக் கொண்டுவந்து வாரிப் போட ஆரம்பித்தார்கள். ஓடவில்லை, நடந்துதான் எடுத்தார்கள். கட்டிங்கிலிருந்து புதுக் கட்டு வந்தது. அதை அவரே கையை நீட்டித் தடுத்துவிட்டார். இது தைத்து வந்தால் வைக்க இடமில்லை. மெதுவாகத் தைக்கச் சொல், ரேணுகா, மெதுவாகத் தைக்கச் சொல் என்றார். 'ங்க' எல்லாம் போய்விட்டது.

"நாஞ் சொன்னாக் கேக்க மாட்டாங்க சார். பலகையில இருக்கறதத்தான் கேப்பாங்க. எத்தனைன்னு உங்க கையில எழுதிருங்க."

என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் கண்ணைப் பார்த்தே தெரிந்தது. ஆனால் படியில் ஷூ சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. குருசாமி அண்ணனைத் திரும்பிப் பார்த்து, எத்தனை தாங்கும் என்று கேட்டார்.

"எம்பத்தஞ்சுங் சார். அதுக்கு மேல இந்த மேசை தாங்காதுங்" என்றார் அண்ணன், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு. தொண்ணூற்றைந்து தாங்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

தண்டபாணி சார் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். நல்ல பசை, சீக்கிரம் வரவில்லை. சுரண்டிச் சுரண்டிப் பிய்த்து எடுத்து, பேனாவை வாங்கி, அந்தக் காகிதக் கறையின்மேலேயே எண்பத்தைந்து என்று எழுதினார். கடைசிக் கூடை நகர்ந்ததும் கதவு திறந்தது.

வந்த வெள்ளைக்காரப் பெண்மணி பலகைக்கு முன்னால் நின்றார். இந்த எண் இவர்களுக்குச் சிரமமில்லாமல் இருக்கிறதா என்று கேட்டார். தண்டபாணி சார் நல்ல ஆங்கிலத்தில், எப்போதும் இதுதான் எங்கள் டார்கெட் என்றார். அந்த அம்மாள் குறித்துக்கொண்டு, பலகையைப் படமெடுத்துக்கொண்டார். சாரையும் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தார்.

ராத்திரி மறுபடி அகராதியைப் பார்த்தேன். அதே வார்த்தைக்குக் கீழே, படிப்படியாக இறக்குவதற்கும் அதையே சொல்வார்களாம். ராட்செட் டவுன். அன்றைக்கு நான் பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்த்திருக்கவில்லை. ஆலோசகரும் பார்த்திருக்க மாட்டார்.

நவம்பர் 15, வெள்ளி

காலையிலேயே தண்டபாணி சார் கூப்பிட்டார். இனி நான் சூப்பர்வைசர் இல்லை. இஷ்டமிருந்தால் மிஷினில் உட்காரலாம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"எந்த மிஷினுங்க சார்?" என்றேன்.

வெளியே வந்தால், அவர் புது ஸ்டிக்கருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார் என்று தெரிந்தது. ஷகிலா நேரே அவரிடம் போய், நாளைக்கு நூற்றிருபத்தைந்து தைத்துவிடட்டுமா சார், இப்போது எல்லோருக்கும் கை பழகிவிட்டது என்று ரொம்பப் பணிவாகக் கேட்டிருக்கிறாள். ஸ்டிக்கர் வரவில்லை.

நவம்பர் 16, சனி

பதினோரு வருடத்துக்குப் பிறகு மிஷினில் உட்கார்ந்தேன். தையல் பாம்பு மாதிரி போகிறது. முதல் கட்டில் பாதியைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. அக்கா பார்த்துவிட்டு, இவ்வளவு மோசமாகத் தைத்தவளா எங்களுக்கு இத்தனை வருசம் புத்தி சொன்னாள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்பளம் குறைந்ததை ராத்திரி செல்வராசுவிடம் சொன்னேன். அவர், அதிரசம் மாதிரி உதிரியாகவே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றார்.

நவம்பர் 30, சனி

அக்கா அதே மிஷினில்தான் இருக்கிறார். சார் அறைக்கு யாரும் கூப்பிடவில்லை. டிசம்பரிலிருந்து மற்ற லைன்களுக்கும் எண் ஏறாதாம்.

ஜனவரி 11, சனி

இந்த வருட டைரி எனக்கு வரவில்லை. அது சூப்பர்வைசர்களுக்குத்தான். பழைய டைரியில் ஜனவரிப் பக்கங்கள் காலியாகத்தானே கிடக்கின்றன. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன் இன்றுதான் கடைசி வேலைநாள். காலையில் தண்டபாணி சார் வந்தார். எல்லா லைனுக்கும் நடுவில் நின்று, ஆயுத பூஜைக்குச் சொன்ன மாதிரியே நல்ல முகமாக, "கணக்க முடிச்சுட்டு நேரத்துல கெளம்பிக்கங்க. பொங்க வேலையெல்லாம் இருக்குமல்லோ" என்றார். ஆலோசகர் கொஞ்சம் தள்ளி, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

யாரும் நிமிரவில்லை.

முதல் மணி எண்பத்தைந்து. அடுத்த மணி எண்பத்தைந்து. புது சூப்பர்வைசர் யாழினி, பாவம், கல்யாணம் ஆகி முதல் பொங்கல், மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். சீக்கிரம் முடித்தால் போகலாமே அக்கா என்று என்னிடம் வந்து கெஞ்சினாள். என் கட்டு பின்தங்கியிருந்தது. அங்காத்தாள் அக்கா மேசைக்கடியிலிருந்து ஒரு கட்டை என் பக்கம் காலால் தள்ளினார். யாழினி அதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இன்று வெயில் அதிகம் என்றாள். நல்ல பெண், சீக்கிரம் கற்றுக்கொள்வாள். அவளே பலகைக்குப் போய் எண்பத்தைந்து என்று எழுதினாள். ஆலோசகர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மதியம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். தண்ணீர்க் கேனை இரண்டுமுறை மாற்றினார்கள். ஷகிலாவின் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன், போகட்டும் என்றாள்.

ஆறு மணிக்கு மணியடித்த பிறகுதான் எழுந்தோம். மிஷினைத் துடைத்து, உறை போட்டுவிட்டு வாசலுக்கு வந்தால், மற்ற லைன்காரர்களும் அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்திகூட முன்னால் போயிருக்கவில்லை.